கடைசிக் கிண்ணம்

உல்லாசக் கப்பலில் தனியாகப் போகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பலர் சேர்ந்து உட்காரும் பெரிய மேசையாகக் கேட்டு உட்கார வேண்டும் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். தில்லைநாயகி அப்படியே கேட்டு, முன்பின் தெரியாத ஏழு வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்தாள். எல்லோருக்கும் சூப் வந்தது. அவள் தொடவில்லை. பக்கத்திலிருந்த கிழவரின் கிண்ணம் காலியாவதைப் பார்த்ததும் ரொட்டிக் கூடையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பரிமாறிய ரொசாரியோ தூத்துக்குடிக்காரன். குனிந்து, “என்னம்மா, பிடிக்கலையா? வேற கொண்டு வரட்டா?” என்றான்.

“அதெல்லாம் இல்லப்பா. எல்லாரும் சாப்பிட்டு எந்திரிக்கட்டும். நான் கடைசில சாப்பிட்டுக்கிறேன். வீட்லயும் அப்படித்தான்.”

“எந்திரிக்க மாட்டாங்கம்மா. நீங்க முடிச்சாத்தான் இந்த மேசைக்கு அடுத்த அயிட்டம் வரும். உங்களுக்காகத்தான் உக்காந்திருக்காங்க.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏழு கிண்ணங்களும் காலி. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கிழவர் ரொட்டிக் கூடையைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினார்.

சூடாக வேறு கொண்டுவர ரொசாரியோ கை நீட்டினான். அவள் கிண்ணத்தை விடவில்லை. எப்போதும் அள்ளிப்போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறவள், ஆறிப்போன அந்தச் சூப்பை மெதுவாக, மிக மெதுவாகக் குடிக்கத் தொடங்கினாள்.