வெட்ட வேண்டிய இடம்

"ஒரு பாட்டை மிக்ஸ் பண்ண ரெண்டு மாசமா, மாமா? நான் ஒரு நாள்ல முடிச்சுடுவேன். சாயங்காலத்துக்குள்ள தரலைன்னா ஆல்பத்துல அக்கா பாட்டே இருக்காதுன்னு கம்பெனிக்காரர் சொல்லிட்டார். அவளுக்காகவாவது முடிங்க."

மைத்துனன் நாற்காலியை இழுத்துப் போட்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். ஒலிப்பதிவாளர் நகர்ந்து இடம் விட்டார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? இன்னும் என்ன பாக்கி?"

"அவ மூச்சுச் சத்தம்."

"அதுக்கா உட்கார்ந்து பேன் பார்க்கிறீங்க? ஒரு பட்டனை அழுத்தினா மொத்தமா போயிடுமே."

"நடுவுல வர்றதை எடுத்துட்டேன். கடைசி வரிக்கு அப்புறம் வர்றதைத்தான் வெட்ட முடியல."

மைத்துனன் ஓடவிட்டான். பாட்டு முடிந்தது. வாத்தியங்கள் அடங்கின. அதன் பிறகு மூச்சு மட்டும், தூங்குகிறவருடையது போல, நிதானமாக வந்துகொண்டே இருந்தது. திரையின் ஓரத்தில் ஒலியைக் காட்டும் கோடு இன்னும் நீண்டுகொண்டிருந்தது.

"மைக்கை அணைக்கலையா? உள்ளே யாரு?"

கண்ணாடிக்கு அப்பால் பாடும் அறை இருட்டாக இருந்தது. மைக்கின் ஒயர் கழற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"பாடின அன்னைக்கு இது இல்லடா. அவளை அடக்கம் பண்ணிட்டு வந்து திறந்தேன். ஒரு மூச்சு கூடியிருந்தது. அப்புறம் தினமும் நீளுது."

கம்பெனிக்காரரின் போன் அடித்தது. மைத்துனன் அதை அணைத்தான். அழிக்கும் பட்டனை நோக்கிப் போன விரலை இழுத்துக்கொண்டு, ஒலியைக் கூட்டினான்.

மூச்சு சட்டென்று நின்றது. பிறகு, பாடத் தொடங்குமுன் அக்கா எப்போதும் இழுக்கும் அந்த நீண்ட மூச்சு கேட்டது.