பச்சைப் பாக்கெட்

அந்த ஜெர்மன் கம்பெனியின் தைவான் கிளையில் ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் ஒரு சோளப்பொரிப் பாக்கெட் உட்கார்ந்திருக்கும். பச்சை உறைதான், வேறு நிறம் ஆகாது. அது இருக்கும்வரை இயந்திரம் சமர்த்தாக ஓடும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை.

"எல்லாத்தையும் ஒளிச்சு வைங்கண்ணே. ஜெர்மனியிலேர்ந்து தலைமை இன்ஜினியர் வர்றார். பார்த்தா நம்மளைப் பைத்தியம்னு நினைப்பார்" என்றாள் மேலாளர் யாலிங்.

"மிஷின் கோவிச்சுக்கும்மா" என்றார் மெக்கானிக் குவோஹாவ்.

"ஒரு நாள்தானே. நான் சமாதானப்படுத்திக்கறேன்."

தலைமை இன்ஜினியர் ராய்னர் வந்தார். ஒவ்வொரு இயந்திரத்தின் உச்சியையும் எட்டித் தடவிப் பார்த்தார். யாலிங்குக்கு வியர்த்தது.

"இங்கே பச்சைப் பாக்கெட் இருக்குமே, எங்கே?"

"அது... தெரியாம வச்சுட்டாங்க சார். இனிமே இருக்காது."

"அப்படிச் சொல்லாதீங்க. அதை வாங்கிட்டுப் போகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நீங்க சரிபண்ணி ஜெர்மனிக்கு அனுப்பின மிஷின் மேல ஒண்ணு இருந்துச்சு. அது போனதுலேர்ந்து மிஷின் அடிக்கடி நின்னுடுது."

"எப்படிப் போச்சு?" குவோஹாவின் குரலில் கண்டிப்பு இருந்தது.

ராய்னர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பசிச்சுது. தின்னுட்டேன்."