கடைசிப் பந்து

தீவக டெனிஸ் சங்க அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கத்தில், பன்னிரண்டு வருடம் வெளிநாடுகளில் தொழில்முறையாக ஆடிவிட்டு வந்த புதிய பணிப்பாளர் பர்வதவர்த்தினி. வலப்பக்கம் செயலாளர் பரமலிங்கம். யன்னலோரக் கதிரையில் பொருளாளர் சறோஜினிதேவி.

பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தவர் நாரந்தனை ஊரைச் சேர்ந்த பிரியவதனி. பரமலிங்கத்துக்கு அந்த விண்ணப்பத்தைத் தொடவே மனமில்லை.

“இவ வேண்டாம். முந்தி ஒரு இறுதியாட்டத்தில தோத்துப்போட்டு, கடைசிப் பந்து கோட்டில விழுந்தது, மற்றவள் வேணுமெண்டு ‘அவுட்’ சொன்னவள் எண்டு முறைப்பாடு குடுத்தவ. ‘பொய்க்காரி’ எண்டு பழைய செயலாளர் கோவையில எழுதி வைச்சிருக்கிறார். மற்றவளின்ர பேர் அதில இல்லை.”

“நடுவர் இருக்கேல்லையோ?” என்றார் சறோஜினிதேவி.

“அப்ப நடுவருக்கு எங்க போறது? பந்து விழுந்த பக்கத்தில நிக்கிறவ சொல்லுறதுதான் முடிவு.”

“பந்து கோட்டிலதான் விழுந்தது, அண்ணை,” என்றார் பர்வதவர்த்தினி.

பரமலிங்கம் சிரித்தார். “பக்கத்தில நிண்டு பாத்தனீங்களோ?”

“ஓம். ‘அவுட்’ சொன்னது நான்தான். அந்த வெற்றியாலதான் என்னை வெளிநாடு அனுப்பினவை.”

பரமலிங்கத்தின் சிரிப்பு நின்றது.

“வெளியில தெரிஞ்சா உங்கட பதவியும் போகும், பிள்ளை.”

“போகட்டும்.”

பிரியவதனிக்கான நியமனக் கடிதத்தின் முதல் வரியிலேயே பர்வதவர்த்தினி அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டு எழுதினார். பரமலிங்கம் இரண்டு தரம் வாசித்துத் தானும் கையொப்பமிட்டார். உறையை ஒட்டி, தானே தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.