பூட்டுப் போட்ட சார்ஜர்

“பூட்டுப் போட்டதுதான் வேணும்!” வாமதேவன் பக்கத்து வீட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு கத்தினார். சார்ஜர் பொருத்த வந்த ரதீசன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். அவனுக்கு இவ்வளவு சத்தம் தேவையில்லை.

“அண்ணை, வெளிச்சுவரில ஒரு பிளக் பொயின்ற் வைச்சாலே காணும். பெட்டி, பூட்டு, திறப்பு எல்லாம் வீண்வேலை.”

“நீ வைப்பாய். ராவில வந்து கழட்டுவினம். பூட்டடா தம்பி, பூட்டு!”

வாமதேவனுக்குக் கலியாண வீடுகளுக்கு மணவறை கட்டுகிற தொழில். மின்சாரத்தில் ஓட அதென்ன பால் வண்டியா என்று லண்டன் சிரித்துக்கொண்டிருந்த இரண்டாயிரத்து ஒன்பதில், துணிந்து ஒரு பழைய மின்சாரப் பிக்கப்பை வாங்கியிருந்தார். இரவில் வீட்டு வாசலில் நிறுத்தி, கதவில் கடிதம் போடுகிற துவாரத்தால் வயரை வெளியே இழுத்து, சார்ஜில் போட்டுவிட்டு நேரத்தோடு படுத்துவிடுவார்.

போன சனிக்கிழமை அந்த வண்டி ஸ்ட்ரெதம் ஏற்றத்தில் செத்துப்போய் நின்றது. பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்க, திறந்த வண்டிக்குள் மணவறைத் தூண்களும் இரண்டு அன்னப் பட்சிகளும் தெருவை வேடிக்கை பார்த்தன. போகிறவன் வருகிறவனெல்லாம் போனில் படம் எடுத்தான். மனுசனுக்கு மானமே போய்விட்டது.

வேறு வான் வண்டி பிடித்து மண்டபத்துக்குப் போகையில் முகூர்த்தம் முடிந்திருந்தது. வெறுஞ்சுவருக்கு முன்னால் தாலி கட்டியிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் ஏசவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, “நீங்கள் போங்கோ” என்று மட்டும் சொன்னார். செருப்பால் அடித்திருந்தால்கூட வாமதேவனுக்கு அப்படிச் சுட்டிருக்காது.

கராஜில் காட்டினார். வண்டியில் ஒரு குறையும் இல்லையாம், இரவில் சார்ஜ் ஏறவில்லையாம். வாங்கும்போதே பற்றரி அளவு காட்டுகிற முள் பழுது என்பதால் அவருக்கு அது தெரியவுமில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் வயர் செருகினபடியேதான் இருக்கும். அப்படியென்றால் யாரோ இரவில் கழட்டி, விடியமுன் திருப்பிச் செருகுகிறார்கள்!

யாராம்? பக்கத்து வீட்டு அஞ்சலீனாதான். ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவள். இரண்டு வீட்டுக்கும் வாசல் பாதை ஒன்று. “அண்ணை, வயர் காலில தட்டுது” என்று ஒருநாள் சொல்லியும் இருக்கிறாள். வேறென்ன சாட்சி வேண்டும்? தெருவில் நாலு சனம் பார்க்க, “என்ரை தொழிலில உனக்கென்னடி எரிச்சல்?” என்று கேட்டேவிட்டார்.

அவர் மனைவி சிவகௌரியும் தன் பங்குக்கு விடவில்லை. அஞ்சலீனா முன்பு கேக் வைத்துத் தந்த தட்டை வெறுந்தட்டாகவே திருப்பிக் கொடுத்தாள். வெறுந்தட்டுக் கொடுத்தால் உறவு முடிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இனிக் கிடக்கிற நம்பிக்கை இந்தப் பூட்டுத்தான். நாளைக்குக் கிங்ஸ்பரியில் கலியாணம். அங்கேயும் வண்டி நின்றால் வாமதேவனை எவனும் கூப்பிடமாட்டான்.

ரதீசன் சுவரைத் துளைத்துப் பெட்டியைப் பொருத்தினான். சிவகௌரி குசினியில் சுவிட்சைப் போட்டுக் கேத்திலைக் கொதிக்கவைத்தாள். பிறகு சுவிட்சை நிப்பாட்டி, ஒருதரம் தடவியும் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியோடு வந்தாள்.

அந்த நேரம் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தாதி உடுப்போடு அஞ்சலீனா வந்து, தலை நிமிராமல் நின்றாள்.

“தேவண்ணை... ஒருநாள் மழைக்குள்ள ஓடி வரேக்க உங்கடை வயரைக் காலால தள்ளினனான். அதிலதான் கழண்டிச்சோ தெரியாது. அந்தப் பிள்ளையின்ரை கலியாணத்தை நினைச்சு எனக்கு நித்திரையே இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“பார்த்தியே தம்பி? கடைசியில உண்மை வாயால வந்திட்டுது!” வாமதேவன் ரதீசனைப் பார்த்துச் சிரித்தார். ரதீசனுக்கு வெட்கமாகிவிட்டது. குனிந்து ஆயுதப் பெட்டியைக் கிளறினான்.

“பூட்டுப் போட்டது நல்லதண்ணை. இனி என்ரை பேர் வராது.” அவள் கண்ணைத் துடைத்தாள். சிவகௌரிக்கு மனம் பொறுக்கவில்லை. கணவனுக்குக் கொண்டுவந்த தேத்தண்ணியை அவள் கையில் கொடுத்தாள்.

ரதீசன் வேலையை முடித்தான். “இந்தாங்கோ திறப்பு. ராமுழுக்கக் கரண்ட் ஓடினால்தான் விடியப் பற்றரி நிறையும். இடையில நிப்பாட்டக் கூடாது, அண்ணை.”

“இனி ஆர் நிப்பாட்டுறது? திறப்பு என்னட்டை!” வாமதேவன் அதைத் தூக்கி அஞ்சலீனாவுக்குக் காட்டிவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டார்.

சிவகௌரி அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் முகத்தில் கவலை.

“தம்பி, திறப்பு இவரிட்டை எண்டால், நான் வழமைபோலப் படுக்கேக்க சுவிட்சை நிப்பாட்டிப்போட்டு விடியப் போடுறது எப்பிடி?”