மூன்று முறை சாய்ந்த பலகை

கிழவிக்குக் கொழுப்பு இன்னும் அடங்கவில்லை என்றுதான் அலோன்சோ நினைத்தான்.

ஒரே வருஷத்தில் மூன்று தடவை இடித்துச் சாய்த்திருக்கிறாள். அதே பலகை, அதே பிக்கப் வண்டி, அதே வெர்னா ஸ்ட்ரிக்லண்ட். வெள்ளைக்காரி. வயது எழுபத்தொன்பது.

பலகை அவள் வீட்டுக்கு எதிரே சாலையோரம் இருந்தது. சரித்திரச் சங்கம் நட்டது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் கறுப்பர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது என்று சொல்லும். அலபாமாவின் அந்த மூலையில் கறுப்பர்களுக்கென்று இருந்த ஒரே பலகை அதுதான்.

மரம் ஏற்றும் லாரியை வெளியே நிறுத்திவிட்டு, கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் அலோன்சோ.

ஜட்ஜ் வைலி மேப்ரிக்குச் சாப்பாட்டு நேரம். கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெர்னாம்மா, பிரேக் பிடிக்கலையா?"

"போன மாசம்தான் புதுசு போட்டேன்."

"கண்ணு மங்கலாயிடுச்சா?"

"உன் டையில சாஸ் கறை இருக்கு. இங்கேருந்தே தெரியுது."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் ஃபைலை எடுத்து டையை மறைத்தார்.

"சரி. மூணும் விபத்துன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, வீட்டுக்கு அனுப்பிடறேன். இல்லேன்னா லைசென்ஸைப் பிடுங்கணும். உங்க வீடு பதினாலு மைல் தள்ளி. தனியா இருக்கீங்க. மருந்து வாங்கக்கூட வண்டி வேணும். அப்புறம் முதியோர் இல்லம்தான். யோசிச்சுச் சொல்லுங்க."

"விபத்து இல்லே. குறி பார்த்துத்தான் ஏத்தினேன்."

அலோன்சோவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டான்.

"அவங்ககிட்ட போய்க் கெஞ்சறீங்களே, ஐயா! இதையே கறுப்பன் நான் செஞ்சிருந்தா இந்நேரம் கம்பி எண்ணிக்கிட்டிருப்பேன்."

"அலோன்சோ, உக்காரு!"

"எங்க தாத்தா கையால கட்டின பள்ளிக்கூடம் அது. அதை எரிச்சாங்க, அப்படியே எழுதுங்கன்னு உங்க சங்கத்துக்கு நடையா நடந்தேன். ஆதாரம் எங்கேன்னு கேட்டீங்க. மிஞ்சினது அந்தப் பலகை ஒண்ணு. அதுவும் இந்தம்மா கண்ணை உறுத்துது!"

வெர்னா திரும்பி அவனைப் பார்த்தாள்.

"ஆமா தம்பி, உறுத்துது."

சலசலப்பு. ஜட்ஜ் சுத்தியலால் தட்டினார்.

"கடைசியாக் கேக்கறேன். விபத்தா, இல்லையா?"

வெர்னா கைப்பையைத் திறந்தாள். லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"வைலி, சங்கத்துத் தலைவரும் நீதானே? பலகையைத் திருத்தச் சொல்லி உனக்கு ரெண்டு கடுதாசி போட்டேன். குடும்ப மானம் போயிடும், விட்டுடுங்கன்னு பதில் எழுதினே. அந்தப் பலகையில கடைசி வரி என்ன? நீயே படி."

ஜட்ஜ் ஃபைலைப் புரட்டினார். அலோன்சோவுக்கு அது மனப்பாடம். '1921-ல் விபத்தில் எரிந்தது.'

"விபத்தாம்! மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிட்டுப் போனதே எங்க தாத்தாதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்துலயும் அதைச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்வார். கூடப் போனவங்க பேரும் சொல்வார். சொல்லட்டுமா? வைலி, உங்க வீட்டுப் பேரும் ஒண்ணு இருக்கு."

லைசென்ஸை ஜட்ஜ் பக்கம் தள்ளினாள்.

"விபத்துன்னு சொல்லி அவர் தப்பிச்சார். நான் சொல்ல மாட்டேன்."

"லைசென்ஸ் ரத்து" என்று முணுமுணுத்துவிட்டு, ஜட்ஜ் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

கோர்ட்டுப் படியில் வெர்னா பையை அணைத்தபடி நின்றாள். அவளுடைய பிக்கப் வண்டி எதிரிலேயே நின்றது. அதை இனி அவள் தொடக்கூடாது.

மரலாரி வந்து பக்கத்தில் நின்றது. அலோன்சோ கதவைத் திறந்தான்.

"ஏறுங்கம்மா. வீட்டுல விட்டுடறேன்."

கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்க, ஏறி உட்கார்ந்தாள்.

"அந்தப் பலகை இப்போ நிக்குதா?" என்று கேட்டான்.

"நேத்துதான் திரும்ப நட்டாங்க. இந்தத் தடவை சிமெண்ட் போட்டு."

அலோன்சோ கியரைப் போட்டான்.

"உங்க வண்டி சின்னதும்மா. இது பதினெட்டுச் சக்கரம்."