இரண்டு சமையலறை

2012 பிப்ரவரி 11, சனிக்கிழமை. மால்டாவின் பிர்கு நகரில், முந்நூறு வருடத்து மாடி வீடு ஒன்றின் வரைபடம் மூன்றாம் முறையாகத் திருத்தப்பட்டது.

"ஊர்ல எல்லாரும் சுவரை இடிக்கணும்னு வர்றாங்க. நீங்க எழுப்பணும்னு வர்றீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா," என்றார் கட்டடப் பொறியாளர் வென்சு.

அவர் கையெழுத்தில்லாமல் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது. அது தெரிந்துதான் சொன்னார்.

"அப்ப வேற ஆளைப் பார்த்துக்கறோம் சார்," என்றாள் வீட்டுக்காரி மார்டீஸ். "சுவர் வந்தே தீரும்."

வென்சு வரைபடத்தை மறுபடி விரித்தார். பழைய கூடத்தை நெடுக வெட்டும் ஒரு சுவர். அந்தப் பக்கம் ஒரு சமையலறை, இந்தப் பக்கம் ஒன்று. பிள்ளைகள் இருவரின் அறை மட்டும் நடுவில், இரு பக்கமும் கதவோடு. முகப்பைத் தொடக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்ததால் தெருவாசல் ஒன்றே.

மாமியார் வருகிறாரா என்று விசாரித்தார். இல்லை. வாடகைக்கு விடவா? அதுவும் இல்லை. பால்கனியிலிருந்து கூடை இறக்கி ரொட்டி வாங்கும் பெண்கள்கூட இந்த வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றார்.

"பேசட்டும். அவங்க கூடத்துலயா சுவர் வைக்கிறோம்?"

அவள் கணவன் சில்வியோ பஸ்திட்சி என்ற சூடான பலகாரப் பொட்டலத்தோடு வந்தான். இவனாவது புத்தி சொல்வான் என்று வென்சு அவனிடம் முறையிட்டார்.

"அவ சொல்றதுதான் சார் என் முடிவும். ஒரு அடிகூட மாத்தாதீங்க."

வென்சுவுக்கு அதற்குமேல் வாதாடத் தெம்பில்லை. தரைக்கல்லின் நிறத்துக்கே அவர் கண்ணெதிரில் அடித்துக்கொண்ட தம்பதிகள் எத்தனையோ பேர். பேனாவை எடுத்தார்.

"இவ்வளவு ஒத்துமையான ஜோடியை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. உங்க பிடிவாதத்துக்காகவே போடறேன்." போட்டார். "இப்பவாவது சொல்லுங்க. அந்த இன்னொரு சமையலறை யாருக்கு?"

"எனக்கு," என்றான் சில்வியோ.

"வியாழக்கிழமை எங்களுக்கு விவாகரத்துத் தீர்ப்பு சார்," என்றாள் மார்டீஸ். "வீட்டை வித்துப் பங்கு போடச் சொன்னாங்க ரெண்டு வக்கீலும். பிரியறது நாங்க. பசங்க எதுக்கு வீடு மாறணும்?"

அடுத்த ஆண்டு ஈஸ்டர் முடிந்து வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், ஒரு சமையலறையில் தீர்த்தம் தெளித்து, பிள்ளைகளின் அறை வழியாகப் போய், மற்றதிலும் தெளித்தார்.