மரப்பிடி

காலை வெயில் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசை மேல் சாய்ந்து கிடக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, இணையத்தில் வெளிமாநிலத்து ஆளிடம் வாங்கும் கைத்துப்பாக்கி உள்ளூர்த் துப்பாக்கிக் கடைக்குத்தான் வந்துசேரவேண்டும். அதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிற்கிறான் ராய்ஸ். கடைக்காரர் லோவெல் அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவைக் கத்தியால் கீறுகிறார். எண்ணெய் வாசனை எழுகிறது. பழைய பூந்துவாலையில் சுற்றிய ரிவால்வர். யாரோ ஒருவரின் உள்ளங்கை பட்டுப் பட்டே மரப்பிடி வழவழத்திருக்கிறது. அடியில் ஒரு கடிதம். "ஓரிகான்ல இருந்து இத வித்த அந்தம்மா எழுதியிருக்காங்கப்பா" என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு லோவெல் உரக்கப் படிக்கிறார். "தம்பி, இது எங்க வீட்டுக்காரரோடது. கூடுதலா தர்றதுக்கு ஆள் இருந்தாங்க. நீங்களும் அவரப் போல பட்டாளத்துல இருந்தவர்னு எழுதினீங்க, அதான் உங்களுக்கே கொடுத்துட்டேன். நாட்டுக்காகப் போனதுக்கு நன்றி." ராய்ஸின் காதுமடல்கள் எரிகின்றன. பட்டாளத்தில் இருந்தவன் என்பது, விலை படியட்டுமே என்று அவன் எழுதிய ஒரே ஒரு வரி. பட்டாள முகாமின் வாசலைக்கூட அவன் மிதித்ததில்லை. கடையின் மறுகோடியில் மீன் தூண்டிலுக்கு நரம்பு பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொள்கிறார். "அடப்பாவி! இத்தனை வருஷப் பழக்கத்துல ஒரு வார்த்த சொன்னதில்லையேடா. பட்டாளத்துல எங்க இருந்த?" என்று கேட்டபடி லோவெல் கடிதத்தை மடிக்கிறார். ராய்ஸ் துவாலையின் நீலப் பூக்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "வேணாம் விடு, சொல்லாத. எங்க அண்ணனும் போர்ல இருந்து திரும்பி வந்தப்ப இப்படித்தான், தலையத் தூக்கவே மாட்டான்." லோவெல் மேசையைச் சுற்றி வந்து கையை நீட்டுகிறார். ராய்ஸ் தன் உள்ளங்கையை ஜீன்ஸில் அழுத்தித் துடைக்கிறான். பிறகு அந்தக் கையைப் பற்றிக் குலுக்குகிறான்.